முப்பத்தெட்டு சைட்டேஷனும் ஒரு மொய் ஏடும்

காரைக்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கும் வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கி, அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

வயது 45. இணைப் பேராசிரியர். எண் கோட்பாட்டில் முனைவர் பட்டம். பதினாறு வருட ஆராய்ச்சியில் 11 கட்டுரைகள். சென்ற மாதம் கல்லூரியில் எல்லா ஆசிரியர்களிடமும் ஒரு படிவம் கொடுத்து, கட்டுரை எண்ணிக்கை, சைட்டேஷன் (பிற கட்டுரைகள் இவற்றை மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), அதிலிருந்து கணக்கிடும் ஹெச்-இன்டெக்ஸ் மூன்றையும் நிரப்பச் சொன்னார்கள். பிறகு ஆசிரியர் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். வேதியியல் துறையில் இவரைவிடப் பத்து வயது இளையவருக்கு 1,900 சைட்டேஷன், ஹெச்-இன்டெக்ஸ் 24. இவருக்கு 38, ஹெச்-இன்டெக்ஸ் 4. "பட்டியலில் என் பெயர் கடைசிக்கு முந்தி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனம் வரவில்லை" என்று எழுதுகிறார்.

அவர் கேட்பவை நான்கு. பதினாறு வருடத்தை வீணடித்துவிட்டேனா, சைட்டேஷன் அதிகம் கிடைக்கும் துறைக்கு மாறிவிடலாமா? தோழி ஒருவர் சேரச் சொல்லும் வாட்ஸ்அப் குழுவில், அதாவது கட்டுரைக்கு 12,000 ரூபாய் கட்டினால் பெயர் சேர்ப்பார்கள், உறுப்பினர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்வார்கள் என்ற குழுவில், சேரலாமா? இந்த எண்களால் பேராசிரியர் பதவி உயர்வு நின்றுபோகுமா? கடைசியாக, தன்னுடைய வாய்மொழித் தேர்வுக்கு வந்த மூத்த பேராசிரியர் ஒருவர் தன் லெம்மாவை, அதாவது பெரிய நிரூபணத்துக்கு உதவும் துணைத் தேற்றத்தை, பெயர் சொல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார், அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

கடிதத்தின் நடுவே ஒரு வரி (அவர்கள் பக்கத்தில் ஐயா என்றால் தாத்தா, அப்பச்சி என்றால் அப்பா): "எங்கள் ஐயா மலாயாவில் கடை வைத்திருந்தபோது எழுதிய பேரேடுகள் இன்னும் இரண்டாங்கட்டில் அடுக்கியிருக்கின்றன. கணக்கு எங்கள் வீட்டு ரத்தத்தில் இருக்கிறது என்பார் அப்பச்சி. என் கணக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டது."

அன்புள்ள சகோதரி,

அந்தப் பேரேட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். தொகை மட்டும் எழுதியிருக்க மாட்டார் உங்கள் ஐயா. யார் வாங்கினார், எந்தத் தேதியில், எதற்கு, யார் ஜாமீன் என்றெல்லாம் இருக்கும். பக்கத்தின் அடியில் உள்ள கூட்டுத் தொகையை மட்டும் பார்த்து, கடை எப்படி நடக்கிறது என்று சொல்லியிருப்பாரா? உங்கள் கல்லூரித் திரையில் காட்டியது அந்த அடித் தொகையை மட்டும்தான்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை வைத்துக்கொண்டு, உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டு சாயங்காலம் ஆனது. 38இல் 9 உங்கள் கட்டுரைகளுக்கு நீங்களே கொடுத்தவை. முந்தைய வேலையைத் தொடர்கிறவர் அதைச் சொல்லத்தான் வேண்டும், அதில் தவறில்லை. 17 கொத்தாக வந்தவை: "இந்தச் சமன்பாட்டைப் பலர் ஆராய்ந்துள்ளனர், பார்க்க [5–19]" என்ற வகை. உங்கள் கட்டுரையை அவர்கள் படித்தார்களா என்று அதிலிருந்து தெரியாது. மீதி 12இல் உங்கள் கட்டுரை தனியாகப் பேசப்படுகிறது. அந்தப் பன்னிரண்டில் மூன்று, உங்கள் 2014ஆம் வருடக் கட்டுரையின் லெம்மா 3.2 இல்லாமல் நகராது.

அந்த மூன்றில் ஒன்றைச் சொல்கிறேன். ஐரோப்பாவிலிருந்து எழுதும் ஒருவர் பேக்கர் முறையைப் பயன்படுத்துகிறார். அந்த முறையின் குணம் உங்களுக்குத் தெரியும்: தீர்வுகள் முடிவுறு எண்ணிக்கையில்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடும், ஆனால் அது தரும் எல்லை கணினியே மலைக்கும் அளவுக்குப் பெரியது. அவர் ஆறாம் பக்கத்தில் "[14]இன் லெம்மா 3.2இன்படி" என்று எழுதி, உங்கள் சமனின்மையைப் போட்டு, சரிபார்க்க வேண்டிய அடுக்குகளைச் சில நூறுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் அவருடைய நிரூபணம் முடிகிறது. முன்பின் தெரியாத ஒருவர், நீங்கள் உங்கள் ஊரில் உட்கார்ந்து எழுதிய ஐந்து வரியின்மேல் தன் வீட்டைக் கட்டியிருக்கிறார். கூகுள் ஸ்காலரில் அது "1". கொத்தில் வந்த ஒவ்வொன்றும் "1".

வீணடித்தேனா என்ற கேள்விக்கு என் பதில் அந்த ஆறாம் பக்கம். அதை அச்செடுத்து உங்கள் கோப்பில் வையுங்கள்.

ஹெச்-இன்டெக்ஸ் எப்படி வருகிறது

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவு இது. கட்டுரைகளை சைட்டேஷன் வரிசையில் இறங்குமுகமாக அடுக்க வேண்டும். உங்களுடையவை 12, 9, 6, 4, 3, 2, 1, 1, 0, 0, 0. குறைந்தது 4 சைட்டேஷன் உள்ள கட்டுரைகள் நான்கு. 5 உள்ளவை ஐந்து இல்லை. ஆகவே 4. இவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் நான்காம் கட்டுரைக்கு ஒரு சைட்டேஷனும் ஐந்தாம் கட்டுரைக்கு இரண்டும் கூடினால் ஹெச்-இன்டெக்ஸ் 5 ஆகிவிடும். ஒரு நண்பர் தன் அடுத்த கட்டுரைகளில் மூன்று இடத்தில் உங்கள் பெயரைத் தொட்டால் போதும், உங்கள் "தரம்" இருபத்தைந்து சதவீதம் உயர்ந்துவிடும். உங்கள் கணிதத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. மறுபக்கம், லெம்மா 3.2 இருக்கும் அந்தக் கட்டுரைக்கு நாளையே இன்னும் நூறு சைட்டேஷன் வந்தாலும் ஹெச்-இன்டெக்ஸ் 4தான். இப்படி நடந்துகொள்ளும் ஓர் அளவுகோலை, கணக்கு வாத்தியார்களாகிய நாமே கேள்வி கேட்காமல் கூட்டத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வேதியியல் நண்பரோடு உங்களை ஒப்பிட்டதில் அவர்மேல் குறையில்லை. அவர் உழைத்துத்தான் இருப்பார். சைட்டேஷன் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள்: மற்றவர்களின் கட்டுரைக் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியல்களிலிருந்து. வேதியியலில் ஆட்கள் அதிகம், குழுவாக எழுதுவார்கள், பட்டியலும் நீளம். எண் கோட்பாட்டில் ஒருவர் அல்லது இருவர் எழுதும் கட்டுரை, குட்டிப் பட்டியல், வருடத்துக்கு ஒன்று வந்தாலே நல்ல வேகம். கண்மாயின் அளவே வேறாக இருக்கும்போது பிடித்த மீனை எண்ணி மீனவர்களை ஒப்பிட முடியாது. சர்வதேசக் கணித ஒன்றியம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் எச்சரித்தது: துறைக்குத் துறை சைட்டேஷன் பழக்கம் வேறுபடுகிறது, வெறும் எண்ணை வைத்து ஆளை மதிப்பிடாதீர்கள் என்று.

இரண்டு வருட ஜன்னல்

இம்பேக்ட் ஃபேக்டர் இதழுக்கு உரிய அளவு, ஆளுக்கு உரியது அல்ல. உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் "என் இம்பேக்ட் ஃபேக்டர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. ஓர் இதழின் 2024ஆம் வருட இம்பேக்ட் ஃபேக்டர் என்றால், 2022, 2023இல் அது வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2024இல் கிடைத்த சைட்டேஷனை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தது. இரண்டே வருடம்தான் கணக்கு. கணிதத்தில் ஒரு கட்டுரையை மதிப்பீட்டாளர் படித்து முடிக்கவே ஒரு வருடம் ஆகிவிடுகிறது. உங்கள் 2014 கட்டுரையை வெளியாள் ஒருவர் முதலில் மேற்கோள் காட்டியது 2018இல். அந்த ஜன்னல் மூடி இரண்டு வருடம் கழித்து. இதைத் தெரிந்துதான் அமெரிக்கக் கணிதக் கழகம் தன் மேத்சைநெட் தளத்தில் இதழ்களுக்கு ஐந்து வருடக் கணக்கு வைத்திருக்கிறது. கணிதத்தின் உச்ச இதழாகப் பலரும் மதிக்கும் பிரின்ஸ்டனின் ஆனல்ஸ் இதழின் இம்பேக்ட் ஃபேக்டரே ஒற்றை இலக்கம்தான். மருத்துவத்தில் பெயர்பெற்ற பல இதழ்கள் அதைப் பல மடங்கு தாண்டும்.

நீங்கள் வேலை செய்யும் சமன்பாட்டுக்கே பெயர் தந்தவரைப் பாருங்கள். குற்றாலத்துக்கு அருகில் வல்லத்தில் 1901இல் பிறந்த சு. சிவசங்கரநாராயண பிள்ளை. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை ஆசிரியர். ஓர் எண்ணின் அடுக்கிலிருந்து இன்னோர் எண்ணின் அடுக்கைக் கழித்தால் குறிப்பிட்ட ஒரு வித்தியாசம் எத்தனை முறை வரும் என்ற அவருடைய சிறு கட்டுரை 1936இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. நான்கு பக்கம். 1937, 1938 என்ற இரண்டு வருட ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

8, 9 இரண்டும் அடுத்தடுத்த எண்கள், இரண்டுமே முழு அடுக்குகள்: 2இன் மூன்றாம் அடுக்கு, 3இன் இரண்டாம் அடுக்கு. அப்படிப்பட்ட ஜோடி வேறு கிடையாது என்பதை மிகைலெஸ்கு நிரூபித்தது 2002இல். அது வித்தியாசம் 1 என்ற ஒரே ஒரு நிலை. 2, 3 என்று மற்ற வித்தியாசங்கள் ஒவ்வொன்றும் முடிவுறு எண்ணிக்கையில்தான் வரும் என்று பிள்ளை சொன்ன ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது. கடந்த பத்து வருடங்களில் ஃபிபனாச்சி எண்களை (1, 1, 2, 3, 5 என்று முந்தைய இரண்டின் கூட்டாக வளர்பவை) வைத்து அதே கேள்வியைக் கேட்கும் கட்டுரைகள் உலகின் பல மூலைகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, உங்களுடைய இரண்டும் உட்பட. அவற்றில் பல "பிள்ளையின் கணக்கு" என்று பெயரைச் சொல்லிவிட்டு 1936 கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. ஒரு வேலை எல்லோருக்கும் பொதுச் சொத்து ஆகிவிட்டால் சைட்டேஷன் நின்றுபோகும். எண்ணுகிற இயந்திரத்துக்கு அது தெரியாது. பிள்ளை 1950 ஆகஸ்ட் 31இல், அமெரிக்கா போகும் வழியில் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார்.

இன்னொன்றும் உங்கள் ஊர்க் கதைதான். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் ராமானுஜன் பெயரால் ஒரு கணித நிறுவனத்தைத் தொடங்கி, தி. விஜயராகவனை இயக்குநராக அமர்த்தினார். பொன் விகிதமாகிய 1.618... ஐப் பத்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் 122.99 வரும், அடுக்கு ஏற ஏற முழு எண்ணை நெருங்கிக்கொண்டே போகும். இந்தக் குணமுள்ள எண்களுக்குப் பிசோ–விஜயராகவன் எண்கள் என்று பெயர். அவர் அவற்றைப் பற்றி எழுதியது 1940களின் தொடக்கத்தில். நாற்பது வருடம் கழித்து, குவாசி படிகங்கள் (ஒழுங்கு இருந்தும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராதவை) கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த எண்கள் படிகக் கணிதத்துக்குள் வந்தன. வட்டி எப்போது ஏறும் என்று பார்த்துப் பழகிய ஊர்க்காரர்கள் இருவர் எவ்வளவு நீண்ட கெடு வைத்துப் பணம் போட்டிருக்கிறார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அந்த வாட்ஸ்அப் குழு

சேராதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் மொய் எழுதுமிடம் உங்களுக்குத் தெரியும். மேஜை, நோட்டு, பெயர், ஊர், தொகை. நாளை அவர்கள் வீட்டு விசேஷம் என்றால் அந்த ஏட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வோம். மொய்க்கு அது முறை. நான் செய்தேன், நீ செய் என்பதுதான் அதன் உயிரே. சைட்டேஷன் வேறு சாதி. "இந்த இடத்தில் உன் அறிவைக் கடன் வாங்கினேன்" என்று எழுதிக் கொடுக்கும் கைச்சாத்து அது. வாங்காத கடனுக்குக் கைச்சாத்து எழுதினால் உங்கள் ஐயா அதை என்ன பெயர் சொல்லி அழைத்திருப்பார்?

நான் ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தபோது ஒரு கட்டுரை வந்தது. மேற்கோள் பட்டியலில் 40. அதில் 31 ஒரே மூன்று பேருடையவை. கட்டுரை ஒருவகை வரைபடங்களைப் பற்றியது, மேற்கோள் காட்டப்பட்டவற்றில் பாதி திரவ ஓட்டத்தைப் பற்றியவை. எழுதியவர் சிறு கல்லூரி ஒன்றின் இளம் ஆசிரியர். விளக்கம் கேட்டோம், பதில் வரவில்லை. அவர் பெயர் எங்கள் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் நல்ல கட்டுரையே அனுப்பியிருந்தாலும் முதலில் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்திருப்போம். அந்த மூன்று பேருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"எல்லோரும் செய்கிறார்கள்" என்கிறார் உங்கள் தோழி. பலர் செய்கிறார்கள் என்பது உண்மை. பிடிபடுகிறார்கள் என்பதும் உண்மை. அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் பட்டியலை வருடாவருடம் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் கணிதத் துறையையே அதிலிருந்து விலக்கிவிட்டது. துறை சிறியது, சைட்டேஷன் குறைவு, சிலர் கூடி ஊதிவிட்டாலே உச்சிக்கு வந்துவிடலாம், ஆகவே இந்தப் பட்டியலுக்குப் பொருள் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். அதே வருடம் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற கட்டுரை இணையத்திலிருந்து மறைவதில்லை. குறுக்கே பெரிய எழுத்தில் அறிவிப்போடு, எழுதியவர் பெயரோடு, அங்கேயே இருக்கும்.

12,000 ரூபாய்க்குப் பெயர் சேர்ப்பது இதைவிடப் பெரிய ஆபத்து. கணிதத்தில் கட்டுரையில் பெயர் இருக்கிறவரைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு "இரண்டாம் தேற்றத்தை நிரூபியுங்கள்" என்று எந்த நேர்முகக் குழுவும் கேட்கலாம். நீங்கள் எழுதாத கட்டுரையில் பிறர் எழுத்தைத் திருடிச் சேர்த்திருந்தால், யுஜிசியின் 2018ஆம் வருடக் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள் உங்கள்மேலும் பாயும். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால், பிறகு ஏன் பெயர் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தோழியிடம் நேரடியாக "வேண்டாம்" என்று சொல்லுங்கள், சாக்கு எதுவும் தேட வேண்டாம். குழுவிலிருந்து வந்த செய்திகள் இருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அவரும் ஒரு நாள் வெளியே வர வேண்டியிருக்கும், கதவை அடைத்துவிடக் கூடாது.

பதவி உயர்வு

இங்கே உங்கள் பயத்தில் பாதி தவறான தகவலால் வந்தது. நீங்கள் குறிப்பிடும் யுஜிசி 2018 விதிமுறையின் ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணையில் சைட்டேஷனுக்கு மதிப்பெண்ணே இல்லை. ஹெச்-இன்டெக்ஸுக்கும் இல்லை. கட்டுரை, நூல், ஆய்வு வழிகாட்டல், திட்டம் இவற்றுக்குத்தான். கட்டுரைக்கு இதழின் இம்பேக்ட் ஃபேக்டரைப் பார்த்து மதிப்பெண் கூடும்: இல்லாத இதழுக்கு 5, ஒன்றுக்குக் கீழ் என்றால் 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15, அதற்குமேல் இன்னும் அதிகம். கல்லூரியில் அந்தப் படிவம் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. தேசியத் தரவரிசைக் கணக்கெடுப்பில் கல்லூரியின் மொத்த வெளியீடுகளும் அவற்றுக்கான சைட்டேஷன்களும் கணக்கில் வருகின்றன. அது நிறுவனத்தின் தேவை. உங்கள் பதவி உயர்வுக் கோப்பு தனி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருக்கிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறொன்று, அதை நீங்கள் கேட்கவே இல்லை. அந்த அட்டவணைப்படி இரண்டு பேர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். மூன்று பேர் ஆகிவிட்டாலே முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர்) 70, மற்றவர்களுக்கு 30தான். கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம், முதல் ஆசிரியர் என்ற பேச்சே கிடையாது. உங்கள் பெயர் ஆங்கில அகரவரிசையின் கடைசிப் பக்கம் தொடங்குவதால் மூன்று பேர் எழுதிய இரண்டு கட்டுரைகளிலும் கடைசியில் நிற்கிறீர்கள். முக்கியத் தேற்றம் உங்களுடையதாக இருந்தும் அலுவலகம் 10க்கு 3 என்றுதான் போடும். செய்ய வேண்டியது: அந்த இரண்டிலும் யார் தொடர்பு ஆசிரியர் என்று பாருங்கள். நீங்கள் இல்லையென்றால், யார் எதைச் செய்தார் என்று கூட்டாசிரியர்கள் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். அகரவரிசை வழக்கத்தை விளக்கி அமெரிக்கக் கணிதக் கழகம் 2004இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் இணைத்துவிடுங்கள். இனி எழுதும் கட்டுரைகளில் தொடர்பு ஆசிரியர் யார் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரிக்கு இன்றைய தேதியில் எந்த விதிமுறை, எந்த அரசாணை பொருந்தும் என்பதை இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

இன்னொன்று. பட்டியலைப் பார்க்கும்போதே கண்ணில் பட்டது, உங்கள் தலைப்பெழுத்து. கல்யாணத்துக்கு முன் அப்பச்சி, ஐயா இருவரின் எழுத்துகளோடு மூன்று கட்டுரை. பிறகு கணவர் எழுத்தோடு ஆறு. எழுத்தே இல்லாமல் இரண்டு. ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளம் உங்களை மூன்று ஆட்களாக வைத்திருக்கிறது, அதில் ஒருவரோடு நெசவுத் தொழில்நுட்பம் எழுதும் வேறு யாரோ ஒருவரும் கலந்திருக்கிறார். ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் ஒன்று எடுத்து எல்லாவற்றையும் அதில் கட்டுங்கள், செலவில்லை. ஸ்கோபஸுக்கு ஆசிரியர் திருத்தக் கோரிக்கை அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள். கல்லூரியில் மேத்சைநெட் சந்தா இல்லையென்றால், 2021 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் இஸட்பிமேத் ஓப்பன் என்ற கணித மதிப்புரைத் தளத்தில் உங்கள் கட்டுரைகளுக்கு வந்துள்ள மதிப்புரைகளைப் படியுங்கள். மூன்றுக்கு மதிப்புரை இருக்கிறது. ஒன்றில் உங்கள் முறையை "நேர்த்தியானது" என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

லெம்மாவை எடுத்தவர்

வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். தேற்றத்துக்கோ லெம்மாவுக்கோ பதிப்புரிமை கிடையாது. 1957ஆம் வருடச் சட்டம் எழுத்து வடிவத்தைக் காக்கும், கருத்தைக் காக்காது. உங்கள் வரிகளை அப்படியே நகல் எடுத்திருந்தால் பேச்சு வேறு, அவர் சொந்த வார்த்தையில்தான் எழுதியிருக்கிறார். நோட்டீஸ் போனால் அவர் வக்கீலிடம் போவார், கணிதம் அத்தோடு முடிந்துவிடும்.

தனித்தனியாக இருவருக்கு ஒரே யோசனை தோன்றுவது நம் துறையில் அடிக்கடி நடக்கிறது. எண்களை அடுக்குகளின் கூட்டாக எழுதுவது பற்றிய வாரிங் கணக்கில் பிள்ளையும் அமெரிக்காவின் டிக்சனும் 1936 வாக்கில் ஒருவரையொருவர் அறியாமல் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஆகவே முதலில் அந்தச் சாத்தியத்தை மனதில் வையுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். பிறகு இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் 2014 கட்டுரையில் லெம்மாவின் மூன்றாம் வரியில் ஓர் அச்சுப்பிழை, கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி. அடுத்த வரியில் சரியான குறியோடு கணக்குத் தொடர்கிறது. அவருடைய 2021 கட்டுரையில் அதே இடத்தில் அதே கழித்தல் குறி, அடுத்த வரியில் அதே போலச் சரியாகிறது. பிழை இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றுவது அபூர்வம்.

இருந்தாலும் முதல் கடிதம் மரியாதையாகவே போகட்டும். ஒருவேளை எழுதியது அவருடைய மாணவராக இருக்கலாம். "ஐயா, தங்கள் 2021 கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். அதன் நான்காம் லெம்மா என் 2014 கட்டுரையின் லெம்மா 3.2 உடன் ஒத்திருக்கிறது. தாங்கள் தேர்வாளராக இருந்த என் ஆய்வேட்டிலும் அது உள்ளது. இரண்டின் பக்கங்களையும் இணைத்துள்ளேன். இதழுக்கு ஒரு திருத்தக் குறிப்பு அனுப்ப இயலுமா?" இவ்வளவு போதும். குற்றச்சாட்டு ஒரு சொல்லும் வேண்டாம், அச்சுப்பிழையைப் பற்றியும் இப்போது பேச வேண்டாம். உங்கள் ஆய்வேடு சோத்கங்கா களஞ்சியத்தில் தேதியோடு இருக்கிறது, அந்த இணைப்பையும் கொடுங்கள்.

ஆறு வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் இதழாசிரியருக்கு எழுதுங்கள், அப்போது அச்சுப்பிழையையும் காட்டுங்கள். அந்த இதழ் பதிப்பு நெறிகளுக்கான சர்வதேசக் குழுவில் உறுப்பு என்று தன் பக்கத்தில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் இத்தகைய புகாரை விசாரிக்க அவர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பல தேர்வுக் குழுக்களில் இருப்பவர், உங்கள் பதவி உயர்வு அடுத்த வருடம். குழுவில் அவர் வந்தால் முரண்பாடு இருப்பதாக முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க, நீங்கள் அவருக்கு அனுப்பிய கடிதமே ஆதாரமாக இருக்கும். அதனால்தான் தேதியோடு, பணிவோடு, மின்னஞ்சலில் எழுதச் சொல்கிறேன். தொலைபேசியில் பேசாதீர்கள். இதையெல்லாம் யோசித்து, பதவி உயர்வு முடிந்த பிறகு எழுதுகிறேன் என்று நீங்கள் முடிவு செய்தாலும் அது கோழைத்தனம் ஆகாது. முடிவு உங்களுடையது.

துறை மாறலாமா என்ற கேள்வி மீதி இருக்கிறது. சங்கேதக் கணிதம் பக்கம் உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் போங்கள், எண் கோட்பாட்டிலிருந்து அதற்கு வழி இருக்கிறது, மாணவர்களுக்கும் பயன்படும். ஆனால் உங்கள் ஆறு பக்கத்தில் அதைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது, இரண்டிலும் "சைட்டேஷன்" என்ற சொல் வருகிறது. நான்காம் பக்கத்தின் ஓரத்திலோ, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல், ஃபிபனாச்சி போலவே வளரும் லூகாஸ் எண்களை வைத்து அதே லெம்மாவைக் கூர்மையாக்க முடியும் போலிருக்கிறது என்று பென்சிலில் ஒரு சமனின்மை எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சிறிய அடுக்குகளுக்குப் போட்டுப் பார்த்தேன், இருபது வரை நிற்கிறது. மீதியை எழுதி அனுப்புங்கள்.